கோடையின் மாலை ஏழரை மணி

கோடை தொடங்கியதும் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு மின்தொகுப்பின் (மின்நிலையங்களையும் வீடுகளையும் ஆலைகளையும் கம்பிகளால் பிணைக்கும் ‘கிரிட்’) தேவை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது, அதில் சூரியன் தருவது எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு, எரிவாயு எவ்வளவு என்று பெரிய மின்தொகுப்புகள் பலவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணையத்தில் போட்டுவிடுகின்றன. வேலை மெனக்கெட்டு இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஆனால் இப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற மதியம் மூன்று மணிதான் மின்சாரத்துக்குக் கஷ்டமான நேரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பழைய கதை. சூரிய மின்சாரம் கணிசமாகச் சேர்ந்துவிட்ட இடங்களில், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்.

காரணம் எளிது. மதியம் ஏசிகள் எல்லாம் ஓடும்போது, அதே வெயில் சூரியத் தகடுகளிலும் விழுகிறது. நோயும் மருந்தும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆறு மணிக்கு மேல் வெயில் இறங்கினால் தகடுகளின் மின்சாரம் இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றுமில்லாமல் போய்விடும். தேவை அப்படி இறங்குவதில்லை. பகலெல்லாம் சூடு குடித்த சுவரும் கூரையும் அப்போதுதான் அதை உள்ளே விடத் தொடங்குகின்றன. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புகிறார்கள்; விளக்கு, அடுப்பு, ஏசி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. மொத்தத் தேவையிலிருந்து சூரியனும் காற்றும் தருவதைக் கழித்தால் மிஞ்சுவதை நிகரத் தேவை என்கிறார்கள். மற்ற மின்நிலையங்கள் சுமக்கவேண்டியது இதைத்தான். கலிஃபோர்னியா மின்தொகுப்பு இந்த நிகரத் தேவையை வரைந்து 2013-ல் வெளியிட்ட வளைவுக்கு ‘வாத்து வளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நடுப்பகலில் தொங்குவது வயிறு, மாலையில் செங்குத்தாக ஏறுவது கழுத்து.

அந்தக் கழுத்தில்தான் ஆபத்து. 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கலிஃபோர்னியாவில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது. 2001-க்குப் பிறகு அங்கே அதுதான் முதல் முறை. இரண்டு நாளும் வெட்டுக்கான உத்தரவு வந்தது மாலை ஆறரை மணியை ஒட்டி. உச்ச தேவை ஐந்து மணி வாக்கிலேயே கடந்துபோயிருந்தது. டெக்சாஸ் கதை இன்னும் தெளிவு. அந்த மின்தொகுப்பு 2023 ஆகஸ்ட் 10 அன்று 85,508 மெகாவாட் என்ற சாதனைத் தேவையைச் சமாளித்துவிட்டது. அதைவிடக் குறைவான தேவை இருந்த செப்டம்பர் 6 அன்று மாலை 7.25 மணிக்கு அவசரநிலை அறிவிக்கவேண்டி வந்தது. மின்வெட்டு இல்லாமல் தப்பித்தார்கள் என்றாலும், 60 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டிய அதிர்வெண் 59.8-க்கும் கீழே போய்வந்தது.

அதிர்வெண் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாறுமின்சாரம் ஒரு நொடியில் எத்தனை சுற்று அலைகிறது என்பதுதான் அது; ஹெர்ட்ஸ் அதன் அலகு. மின்தொகுப்பின் நாடி அதில்தான் துடிக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். ஒரு மின்தொகுப்பில் இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், ஒரே தாளத்தில் சுழல்கின்றன. தேவை ஏறி உற்பத்தி ஏறாவிட்டால், ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவரின் வேகம் தானாகக் குறைவது மாதிரி அத்தனை சுழலிகளின் வேகமும் ஒரு துளி குறைகிறது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பது இலக்கு, 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வேகம் குறைந்ததை உணர்ந்து சில நொடிகளில் நீராவியையோ தண்ணீரையோ கூடத் திறந்துவிடுவது கவர்னர் என்ற கருவியின் வேலை. அடுத்த சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு மையத்தின் கணினி நிலையங்களுக்கு ஆணை அனுப்பித் தாளத்தைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது. அப்புறம் மனிதர்கள் தொலைபேசியை எடுத்து, ஒதுக்கி வைத்திருக்கும் நிலையங்களைக் கிளப்புகிறார்கள். சாதாரண நாளில் இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும். கோடையில் மட்டும் ஒதுக்கி வைத்த கையிருப்பு கரைந்துகொண்டே வரும்.

வெயில் தேவையை ஏற்றுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உற்பத்தியையும் அதே வெயில் குறைக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எரிவாயு டர்பைன் காற்றை உறிஞ்சி எரிக்கும் இயந்திரம். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. 15 டிகிரியில் குறித்த திறனில், 40 டிகிரி வெயிலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காணாமல் போகலாம். அனல் நிலையத்தில் நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீரே சூடாக வந்தால் அதே நிலக்கரிக்குக் குறைந்த மின்சாரம்தான் கிடைக்கும். பிரான்சில் கரோன் ஆற்றங்கரையிலுள்ள கோல்ஃபெக் அணுமின் நிலையம் வெப்ப அலை நாட்களில் உற்பத்தியைக் குறைக்கிறது, சில சமயம் நிறுத்தியே விடுகிறது. ஆற்று நீர் 28 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது மீன்களுக்காகவும் ஆற்றுக்காகவும் வைத்த விதி. சரி, சூரியத் தகடாவது வெயிலைக் கண்டால் சந்தோஷப்படுமா என்றால் அதுவும் இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தொடும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டிருக்கும்.

கம்பியும் தப்புவதில்லை. மின்சாரம் கூடுதலாக ஓடினால் அலுமினியக் கம்பி சூடாகும், சூடானால் நீளும், நீண்டால் தொங்கும். காற்றும் அடிக்காத நாளில் கூடுதலாகத் தொங்கும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்ததை நான் பலமுறை படித்திருக்கிறேன். மதியம் 2.14-க்கு அங்கிருந்த ஒரு கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செத்துப்போனது. அது செத்துப்போனதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 3.05-க்கு 345 கிலோவோல்ட் கம்பி ஒன்று மரத்தில் உரசி டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டது. இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான்: அந்தக் கம்பியில் அப்போது அதன் திறனில் பாதிகூட ஓடவில்லை. கம்பிக்குக் கீழே மரத்தை வளரவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதன் சுமை அடுத்த கம்பிக்குப் போக, அது இன்னும் தொங்கி இன்னொரு மரத்தைத் தொட்டது. பிறகு மூன்றாவது. மணி 4.10-ஐத் தாண்டியதும் சில நிமிடங்களில் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. அன்று அங்கே வரலாறு காணாத வெயில் ஒன்றும் இல்லை, வழக்கமான ஆகஸ்ட் நாள். இதைப் படித்த பிறகு, கோடைக்கு முன்னால் கிளை வெட்டுவதற்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் சேர்ந்து அலுத்துக்கொள்வதில்லை.

மின்மாற்றியின் பாடு தனி. தெருமுனையில் நிற்கும் அந்தப் பெட்டிக்குள் செம்புச் சுருளைச் சுற்றி இருப்பது எண்ணெயில் ஊறிய காகிதம். சுருளின் சூடு ஓர் அளவுக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் அந்தக் காகிதம் மூப்படையும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. பகலில் கொஞ்சம் அதிகச் சுமை தாங்கினாலும் பரவாயில்லை, ராத்திரி குளிர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் பல இடங்களில் மின்மாற்றிகளின் அளவே முடிவாகிறது. ராத்திரியும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காமல், விடிய விடிய ஏசி ஓடினால் அந்த ஓய்வு கிடைக்காது. மேலே மின்தொகுப்பில் மின்சாரம் தாராளமாக இருக்கும். கீழே ஒரு தெரு மட்டும் இருட்டில் கிடக்கும். கோடையில் நாம் அனுபவிக்கும் மின்தடைகளில் கணிசமானவை இந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில் நடப்பவை. உற்பத்திப் பற்றாக்குறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் திட்டு விழுவது மட்டும் ஒரே இடத்தில்.

மின்சாரம் போதுமான அளவு இருந்தும் மொத்தமாகக் கவிழ்ந்த ஒரு நாளும் உண்டு. 1987 ஜூலை 23, டோக்கியோ. மதிய உணவு நேரத்தில் அலுவலகங்களும் ஆலைகளும் அடங்கியதில் தேவை இறங்கியது. ஒரு மணிக்கு எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியதும் நிமிடத்துக்கு 400 மெகாவாட் என்ற வேகத்தில் ஏற ஆரம்பித்தது. உற்பத்திக்குக் குறையில்லை. விழுந்தது வோல்டேஜ். மோட்டார்களுக்குள் காந்தப் புலம் உண்டாக்க ரியாக்டிவ் பவர் என்ற இன்னொரு வகைத் திறன் வேண்டும். அதைத் தொலைவிலிருந்து கம்பி வழியே அனுப்ப முடியாது, பக்கத்திலேயே கெப்பாசிட்டர்கள் மூலம் கொடுக்கவேண்டும். இருந்த கெப்பாசிட்டர்களை எல்லாம் இணைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. இங்கே ஏசிகளின் குணம் வேலையைக் கெடுத்தது. சாதாரண குண்டு பல்பு வோல்டேஜ் குறைந்தால் மங்கி, குறைவாக இழுக்கும். புதுவகை ஏசியோ குளிர்ச்சியைக் குறைக்காமல் இருக்க இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். அதிகம் இழுக்க இழுக்க வோல்டேஜ் இன்னும் விழும். 1.19-க்கு 500 கிலோவோல்ட் முதுகெலும்பே சரிந்து, 8,000 மெகாவாட்டுக்கு மேல் போனது. 28 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் இல்லை. ‘இன்னும் இரண்டு மின்நிலையம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த இருபது நிமிடங்கள்தான் நினைவுக்கு வரும்.

சரி, சமாளிப்பது எப்படி? பாதி வேலை கோடைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மின்நிலையங்களைப் பராமரிப்புக்கு நிறுத்துவதைத் தேவை குறைந்த மாதங்களிலேயே வைத்துக்கொள்வது, நிலக்கரி சேர்த்துவைப்பது, அணைத் தண்ணீரைக் கோடை மாலைகளுக்கென்று மிச்சம்பிடிப்பது. இவற்றில் எதுவும் செய்தியாகாது. பிறகு, தினமும் மறுநாள் தேவையைக் கணிப்பது. வெப்பநிலை மட்டும் போதாது. புழுக்கம், மேகம், விடுமுறை, இது வெப்ப அலையின் முதல் நாளா நான்காவது நாளா என்பதெல்லாம் அதில் வரும். அதே 41 டிகிரியானாலும் நான்காவது நாளில் தேவை கூடுதல், கட்டடங்கள் சூடேறிக் கிடப்பதால்.

பக்கத்து ஊர் மின்தொகுப்போடு கைகோத்துக்கொள்வது இன்னொரு வழி. அமெரிக்காவின் வடமேற்கில் குளிர்காலத்தில்தான் தேவை உச்சம், கலிஃபோர்னியாவில் கோடையில். அதனால் 1970-லேயே ஒரேகானிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை சுமார் 1,360 கிலோமீட்டருக்கு நேர்மின் (டிசி) கம்பி ஒன்று இழுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் வெப்ப அலை அகலமாக விரிந்து இரண்டு பக்கத்தையும் மூடினால் கடன் கொடுக்க யாரிடமும் மிச்சம் இருக்காது. 2020 ஆகஸ்டில் நடந்ததும் அதுதான்: மேற்கு முழுவதும் ஒரே வெயில்.

கைகோத்தால் கீழேயும் சேர்ந்தே இழுத்துக்கொண்டு போகலாம் என்பதற்கு இந்தியாவின் 2012 ஜூலை 30, 31 சாட்சி. பருவமழை தள்ளிப்போய், வயல்களில் பம்புசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்த கோடை அது. மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தன. பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் கம்பி டிரிப் ஆனது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் விழுந்து 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் பரப்பு இருண்டது. தென் மண்டலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்போது மற்ற மண்டலங்களோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. தாளத்தைக் கடத்தாத நேர்மின் இணைப்புகள் மட்டுமே இருந்தன. ஆனால் அந்தத் தனிமையை முழுக்க அதிர்ஷ்டம் என்று சொல்லமுடியாது. அதே ஆண்டில் தமிழ்நாடு நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டில் தவித்தது. வடக்கே மிச்சம் இருந்தாலும் கொண்டுவர வழித்தடம் போதவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியே தெற்கும் இணைந்தபோது நாடு முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்தது. 2024 மே 30 அன்று அந்த ஒரே தொகுப்பு 250 ஜிகாவாட் (2,50,000 மெகாவாட்) தேவையைத் தாங்கியது.

மாலைக் கழுத்துக்கு நேரடி மருந்து சேமிப்பு. நடுப்பகல் மின்சாரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து மாலையில் திறந்துவிடும் நீரேற்று நிலையங்கள் பழைய, நம்பகமான வழி. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இருக்கும் 400 மெகாவாட் நிலையம் அந்த வகைதான். பேட்டரிகள் இப்போது அதைவிட வேகமாகச் சேர்கின்றன. கலிஃபோர்னியாவில் 2024-ல் பேட்டரித் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அவற்றில் பெரும்பாலானவை நான்கு மணி நேரம் தாங்கும், மாலைக்கு அது ஏறக்குறையப் போதும். விடிய விடிய இறங்காத இரவுத் தேவைக்குப் போதாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்னொரு வழி தேவையையே நகர்த்துவது. என் பார்வையில் எல்லாவற்றிலும் மலிவானதும் குறைவாக மதிக்கப்படுவதும் இதுதான். இந்தியாவில் விவசாய ஃபீடர்களை (துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குக் கிளம்பும் கம்பித்தடங்களை) தனியாகப் பிரித்த மாநிலங்கள், முன்பு நடுராத்திரியில் கொடுத்த பம்புசெட் மின்சாரத்தைச் சூரியன் இருக்கும் பகல் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு வருகின்றன. மின்தொகுப்புக்கு மாலைச் சுமை குறைகிறது. விவசாயிக்கு இருட்டில் பாம்புக்குப் பயந்துகொண்டே மோட்டார் போடப் போகும் வேலை மிச்சம். வேறு எந்த மின்சாரத் திட்டத்திலும் இரண்டு பக்கமும் இவ்வளவு நேரடியாக லாபம் அடைவதை நான் பார்த்ததில்லை.

வீடுகளையும் கேட்கலாம். 2022 செப்டம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவில் தேவை 52,061 மெகாவாட் என்ற சாதனையைத் தொட்டது. கையிருப்பு தீர்ந்து, மின்வெட்டு வரப்போகிறது என்ற நிலையில், மாலை 5.48-க்கு அரசு கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு ஓர் அவசரக் குறுஞ்செய்தி அனுப்பியது: அவசியமில்லாததை அணையுங்கள். அரை மணி நேரத்துக்குள் சுமார் 2,000 மெகாவாட் இறங்கியது. இரண்டு பெரிய அணு உலைகளின் அளவு! மின்வெட்டு உத்தரவுக்கு அவசியமே வரவில்லை. அந்த வரைபடத்தைப் பிறகு தேடிப் பார்த்தேன். உயரத்திலேயே இருந்த கோடு படிக்கட்டில் இறங்கியது மாதிரி இறங்குகிறது. மக்களிடம் கேட்பது நிர்வாகத்தின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடத்தில் சில பத்து மணி நேரத்துக்காக மட்டும் ஒரு மின்நிலையத்தைக் கட்டி மீதி நாளெல்லாம் சும்மா நிறுத்திவைப்பதைவிட, கேட்பது நாணயமான வழி. தினமும் கேட்டால் யாரும் செவிசாய்க்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால் கேட்பதற்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். ஆலைகளுக்கு அது பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

எல்லாம் போதாமல் போனால் கடைசியாக மிஞ்சுவது மின்வெட்டு. அதிர்வெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் ரிலேக்கள் என்ற தானியங்கிப் பாதுகாப்புக் கருவிகள் யாரையும் கேட்காமல் சில ஃபீடர்களைத் துண்டித்துவிடும். அதற்கு முன்பே, மனிதர்களே கையால் சுழற்சி முறையில் வெட்டுவார்கள். கொஞ்சம் பேரைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்து மொத்தத் தொகுப்பையும் காப்பாற்றும் வேலை அது. மொத்தமும் விழுந்துவிட்டால் ஒன்றிலிருந்து தொடங்கி எழுப்ப மணிக்கணக்காகும், சில சமயம் நாட்களாகும். ஆகவே வெட்டியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

யாரை வெட்டினார் என்பதில்தான் எனக்கு வழக்கு. மருத்துவமனை, குடிநீர் நிலையம், கட்டுப்பாட்டு அலுவலகங்கள் இருக்கும் ஃபீடர்களைத் தொடுவதில்லை, நியாயம். அவற்றின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சிய ஃபீடர்களில்தான் சுழற்சி என்கிறார்கள். பட்டியல் சிறியதாக இருந்தால் சுழற்சி சீக்கிரமே அதே தெருக்களுக்குத் திரும்பி வரும். அந்தத் தெருக்களில் பெரும்பாலும் தகரக் கூரைகள், பெரும்பாலும் இன்வெர்ட்டர் இல்லாத வீடுகள். வெப்ப அலையின் நான்காம் நாள் இரவு எட்டு மணிக்கு இரண்டு மணி நேரம் மின்விசிறி நிற்பது எல்லா வீட்டிலும் ஒரே அளவு தண்டனை அல்ல. எந்த ஃபீடர் எத்தனை முறை, எவ்வளவு நேரம் துண்டிக்கப்பட்டது என்ற கணக்கு ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் பதிவாகிறது. நிமிடத்துக்கு நிமிடம் தேவையை வெளியிடுகிறவர்கள், கோடை முடிந்ததும் அந்தப் பட்டியலையும் வெளியிட்டால் நான் முதலில் அதைத்தான் திறப்பேன்.